இரண்டாவது டேக்

சட்டையின் இரண்டாம் பொத்தானுக்குக் கீழே
மைக்கைக் குத்தும்போது
மூச்சை அடக்கி, நாடியை உயர்த்தி,
விறைத்து நிற்பார் மேஜர் சல்தீன்.
"அசையலாம் சேர்."
ஒவ்வொரு நாளும் சொல்கிறேன்.

மற்ற அறிவிப்பாளர்கள் எட்டரைக்கு வந்து
பவுடர் கேட்பார்கள்.
இவர் ஐந்தே முக்காலுக்கு வந்து
வெயில் எந்தப் பக்கம் ஏறுமென்று
கமராக்கார ரொஷானுக்குக் காட்டிவிட்டு
வான் கதவோடு நின்று
வசனம் பாடமாக்குவார்.
கொம்பனித்தெரு மலாய்க்காரர்.
தமிழ் வழுக்காமல் வரும்,
'வாங்க' மட்டும் கொஞ்சம் அதட்டலாக.

'துவக்கிலிருந்து துடுப்புக்கு' என்று
நிகழ்ச்சிக்குப் போஸ்டர் அடித்திருந்தார்கள்,
அகப்பையை எதுகைக்காகத் துடுப்பாக்கி.
வாசித்தார்.
இரண்டாக மடித்து
சோற்றுப் பார்சலுக்கு அடியில் விரித்தார்.

தொண்ணூற்றேழில்
உவர்மலை இறக்கத்தில் ஒரு சென்றி இருந்தது.
எனக்கு ஒரு லுமாலா சைக்கிளும்
கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையும் இருந்தன.
பேர் என்ன, எங்க போறீங்க, பையைத் திறங்க.
அந்தக் குரல்தானா என்று
நான் கேட்கவில்லை.
ஒலிப்பதிவுக்காரி நான்;
நாள் முழுக்க அவர் பேசுவது
என் காதுக்குள்தான்.

இன்று மீன் சந்தை.
அக்னேஸ் அக்காவின் பலகையில்
இரண்டு பாரை, ஒரு குவியல் சூடை,
தலை வேறாக ஒரு சுறாக்குட்டி.
ரொஷான் விரலைக் காட்டினான்.
மேஜர் சிரித்த முகமாகக் குனிந்து கேட்டார்:
"பேர் என்ன அக்கா? எங்கயிருந்து வாறீங்க?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.
கையைச் சீலையில் துடைத்தார்.
நெஞ்சுக்குள்ளிருந்த பேர்ஸைத் திறந்து
பொலித்தீன் சுற்றிய அடையாள அட்டையை
நீட்டினார்.
மூலையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

ஆறு செக்கன்.
ஐஸ் உருகிச் சொட்டியது.
ஒரு காகம்.
மேஜர் அட்டையை வாங்கினார்,
முகத்தையும் படத்தையும் பார்த்தார்,
பின்பக்கம் திருப்பினார்,
பிறகுதான் கை நின்றது.
மைக்குக்குள் ஏதோ இடித்தது.
வயர் பழுதாக்குமென்று
சத்தத்தைக் குறைத்தேன்.
வயர் நல்லாகத்தான் இருந்தது.

"கட்! அந்த மனுசி என்ன செய்யுது?"
என்றார் கொழும்புத் தயாரிப்பாளர்.
அக்காதான் முதலில் சிரித்தார்.
"பழகின கை தம்பி,
அது தன்பாட்டுக்குப் போகுது."
மேஜர் சிரிக்கவில்லை.
அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது டேக்கில்
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
"என்ர பேர் சல்தீன்.
கொம்பனித்தெருவில வீடு.
உம்மா மீன் ஆணத்துக்குத் தேசிக்காய்தான் விடுவா"
என்று சொல்லிவிட்டு
வரிசையில் நிற்பவர்போல நின்றார்.

அக்கா பாரையின் செவுளை விரித்துக்கொண்டே,
"தெரியும். ஞாயிற்றுக்கிழமையில பாக்கிறனான்.
நீங்கள் புளி கூட விடுறீங்கள்.
பாரைக்கு அவ்வளவு கூடாது.
மீன் செத்துப்போம்."
ஏற்கெனவே செத்த மீன்தானே என்று
பக்கத்துப் பலகைக்காரன் சொல்ல
சந்தையே சிரித்தது.
தயாரிப்பாளருக்குச் சந்தோசம்.
அந்த ஆறு செக்கனை அழிக்கச் சொன்னார்.
'சந்தை, இயல்பொலி' என்று பெயரிட்டு
என் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன்.
எதற்கென்று தெரியாது.

திரும்பும்போது
கோட்டை வாசலில் வானை நிறுத்தினோம்.
புள்ளிமான் ஒன்று யன்னலுக்குள் தலை நீட்டி
நாளைய வசனத்தில் ஒரு பக்கத்தைத் தின்றது.
யாரும் துரத்தவில்லை.

அப்போது, முன்சீற்றிலிருந்து
திரும்பாமலே கேட்டார்:
"நீங்களும் திருகோணமலைதானே.
எந்தப் பக்கம்?"
"உவர்மலை."

"ஓ" என்றார்.

பிறகு கிண்ணியாப் பாலம் வரைக்கும்
ஒன்றுமில்லை.
மைக்கைக் கழற்ற மறந்திருந்தோம்.
என் கழுத்தில் கிடந்த ஹெட்போனில்
ஏதோ மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.
எடுத்துக் காதில் வைக்கவில்லை.